சூப்பர்பாஸுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

இடிதாங்கி:

ஃபைனல் ஃபேன்டசி 10 என்ற வீடியோ கேமின் ரீமாஸ்டரை ஏழு மாதமாக விளையாடுகிறேன். கதை முடிய ஒரே ஒரு பெரிய சண்டைதான் பாக்கி. அதற்கு முந்தின சேவ் பாயிண்டில் நிறுத்திவிட்டு வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. காரணம் பெனன்ஸ் என்ற சூப்பர்பாஸ், அதாவது கதையை முடிக்கத் தேவைப்படாத, கதையில் வரும் பெரிய எதிரிகளான பாஸ்களைவிடக் கடுமையான எதிரி.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். டார்க் ஈயான்கள் என்ற கடினமான எதிரிகள் அத்தனை பேரையும் வீழ்த்திய பிறகுதான் பெனன்ஸ் தலைகாட்டும். எச்பி, அதாவது உயிர்ப் புள்ளிகள், 1 கோடியே 20 லட்சம். இது போதாதென்று இரண்டு கைகளுக்கும் தனித்தனியாக 5 லட்சம், அவற்றை வெட்டினாலும் திரும்ப முளைத்துவிடும். கதையின் கடைசிப் பெரிய பாஸுக்கு இரண்டு வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தாலே 1,80,000தான் வருகிறது. அதாவது இந்த எதிரியை அடிக்கத் தேவையான பலம் கதைக்குத் தேவையே இல்லை.

அந்தப் பலத்துக்காகத்தான் மூன்று மாதம் போனது. என் குழுவில் இருக்கும் லூலுவின் ஆயுதத்துக்கு வேண்டிய சின்னம் கிடைக்க இடி மைதானத்தில் தொடர்ந்து 200 மின்னலுக்குத் தப்ப வேண்டும். திரை ஒரு கணம் வெளுக்கும், அந்த நொடியில் பட்டனை அழுத்த வேண்டும், ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எண்ணிக்கையைத் திரையில் காட்டவும் மாட்டார்கள், நாமேதான் மனதுக்குள் வைத்திருக்க வேண்டும். 163இல் ஒருமுறை விட்டேன். சரி, அதையும் ஒருவழியாக முடித்தேன், வலிமையை 255 வரை ஏற்றியும் ஆயிற்று. இப்போது லக் (அதிர்ஷ்ட எண்) பாக்கி. ஒரு எதிரியைக் கொன்றால் லக் ஸ்பியர் என்ற உருண்டை, அதை ஆட்களின் திறன்களை ஏற்றும் வலைப்பின்னலில் பதிக்க வேண்டும், பதித்ததைத் திறக்க ஃபார்ச்சூன் ஸ்பியர், அதற்கு வேறொரு எதிரி. ஒருமுறை பதித்தால் 4 ஏறும். 18இல் தொடங்கி 255க்குப் போக 60 தடவை. ஆளுக்கு ஆள் தனியாகத் திறக்க வேண்டும்.

நேற்று இரவு அதே எதிரியை எத்தனையாவது முறை கொன்றேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆட்கள் எல்லாரும் இப்போது என் கண்ணுக்கு வெறும் எண்களாகத்தான் தெரிகிறார்கள். யூனாவைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் எத்தனை ஸ்பியர் தேவை என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இந்த மாதிரி சூப்பர்பாஸ்களுக்கு நேரம் கொடுப்பது தகுமா, தகாதா?

சாம்பல்நரி:

தகாது. நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் ஃபைனல் ஃபேன்டசி 12இல் யியாஸ்மாட் என்ற சூப்பர்பாஸை முடித்தவன். அதன் எச்பி 5 கோடிக்கும் மேல். பழைய பதிப்பில் ஓர் அடிக்கு 9999க்கு மேல் போகாது. வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு அடியும் முழு டேமேஜாக விழுந்தால்கூட 5000 அடிக்கு மேல் வேண்டும். அந்த ஆட்டத்தில் யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை காம்பிட்டில் முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம், ஆட்கள் தாமாகவே சண்டை போடுவார்கள். நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு எச்பி பட்டை குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் வெளியே போய் சேவ் போட்டுவிட்டு வரவும் முடியும். அந்த வசதியைக் கொடுக்க வேண்டி வந்ததே, அந்தச் சண்டையில் ஏதோ தப்பு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது.

2017இல் வந்த ஸோடியாக் ஏஜ் பதிப்பில் ஆட்டத்தை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டலாம். யியாஸ்மாட்டை அந்த வேகத்தில்தான் இரண்டாம் முறை முடித்தேன், ஒன்றையும் தவறவிட்டதாகத் தோன்றவில்லை. ஒரு சண்டையை அப்படி ஓட்டிப் பார்த்தும் ஒன்றும் குறையவில்லை என்றால், அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

இடிதாங்கி, உங்கள் பெனன்ஸைப் பற்றி இன்னொன்று. 2001இல் ஜப்பானில் முதலில் வந்த ஃபைனல் ஃபேன்டசி 10இல் அதுவும் கிடையாது, டார்க் ஈயான்களும் கிடையாது. பின்னால் இன்டர்நேஷனல் பதிப்பில்தான் சேர்த்தார்கள். முழுமையாக வந்த ஒரு ஆட்டத்தின் மேல் பிறகு ஒட்டவைத்தது அது. அதை விட்டுவிட்டால் நீங்கள் எதையும் பாதியில் விட்டவர் ஆகமாட்டீர்கள். போய்க் கதையை முடியுங்கள்.

கூழாங்கல்:

சாம்பல்நரி சொல்வது பெனன்ஸுக்கும் யியாஸ்மாட்டுக்கும் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் எல்லா சூப்பர்பாஸையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

ஃபைனல் ஃபேன்டசி 5, 1992இல் வந்தது. கடைசி இடத்தில் ஒரு பெட்டி இருக்கும், மற்ற பெட்டிகளைப் போலவேதான் இருக்கும். திறந்தேன். ஒரு டிராகன் வந்தது, ஷின்ரியு. நான் கட்டளை கொடுப்பதற்கு முன்னாலேயே ஒரு பேரலை அடித்தது, நான்கு பேரும் காலி. ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி லோட் செய்து திறந்தேன், மறுபடி அதே அலை. மூன்றாவது முறை சாகும்போதுதான் அது அலை என்பதையே சரியாகக் கவனித்தேன். அலை என்றால் நீர். நீர்த் தாக்குதலை உறிஞ்சி எச்பியாக மாற்றும் பவள மோதிரம் என்று ஒன்று அந்த ஆட்டத்தில் உண்டு, பையில் கிடந்த பழைய பொருள், விற்காமல் விட்டது என் நல்ல நேரம். அதை மாட்டிக்கொண்டு போனேன். அதே அலை வந்தது, இந்த முறை என் ஆளின் தலைக்கு மேல் பச்சை எண் ஏறியது. கைதட்டிவிட்டேன், தனியாக உட்கார்ந்துகொண்டு.

அதோடு சண்டை முடியவில்லை, அதன் பிறகும் பலமுறை செத்தேன். ஆனால் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நான் போனது லெவல் ஏற்ற இல்லை, மெனுவுக்கு. அதுவரை திறந்துகூடப் பார்க்காத வேலைகள் (ஆட்களுக்குக் கொடுக்கும் வீரன், மந்திரவாதி மாதிரி), எதற்கென்று புரியாமல் விட்ட திறன்கள், எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். முப்பது மணி நேரம் விளையாடிய ஆட்டத்தை அந்த ஒரு வாரத்தில்தான் புரிந்துகொண்டேன் என்று தாராளமாகச் சொல்வேன். கதையில் வரும் பாஸ்கள் யாரும் அதைச் செய்ய வைக்கவில்லை, ஏனென்றால் கதை எல்லாரையும் கடைசி வரை கூட்டிக்கொண்டு போயாக வேண்டும், அதனால் அவர்களைக் கொஞ்சம் இளக்கமாகத்தான் வைக்க முடியும். யாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாத ஒரு எதிரியால்தான் 'நீ இதைப் படித்தாயா?' என்று கேட்க முடியும்.

அதே ஆட்டத்தில் ஒமேகா என்று இன்னொன்று. அதை வென்றால் ஒரு பதக்கம் தருவார்கள். எங்கும் மாட்ட முடியாது, எந்தப் பலனும் இல்லை, வென்றதற்கு அடையாளமாகப் பையில் இருக்கும், அவ்வளவுதான். இதைவிடச் சரியான பரிசு நான் வேறு எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

நள்ளிரவுசேவ்:

நான் குழந்தை தூங்கின பிறகு முக்கால் மணி நேரம் விளையாடுகிறவள். எனக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி.

சூப்பர்பாஸ் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வேண்டியவர்கள் அடிக்கட்டும். அதன் பின்னால் எதை ஒளித்து வைக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. ஒரு பதக்கம் என்றால் சரி. கதையின் ஒரு துண்டு என்றால் சரியில்லை. கிங்டம் ஹார்ட்ஸ் 3க்கு 2020இல் வந்த ரீ மைண்ட் என்ற கூடுதல் பகுதியில் யோசோரா என்று ஒரு சூப்பர்பாஸ், அந்தத் தொடர் அடுத்து எங்கே போகப்போகிறது என்பதற்கான குறிப்பே அவனிடம்தான் இருக்கிறது. அவனிடம் தோற்றாலும் ஒரு முடிவுக் காட்சி வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் பாராட்டுவேன். நான் தோற்றேன், எனக்கென்று ஒரு காட்சி கிடைத்தது, வெறும் 'மறுபடி முயல்க' மட்டும் வந்திருந்தால் அன்றோடு ஆட்டத்தையே அழித்திருப்பேன். ஆனாலும் வென்றவர்களுக்குக் கிடைத்த காட்சியை வீடியோவில்தான் பார்க்க முடிந்தது.

இன்னொன்று, எனக்கு வலது மணிக்கட்டில் பழைய வலி ஒன்று உண்டு. எண் கணக்கு, திட்டம், தயாரிப்பு என்று கேட்கும் பாஸ் என்றால் நான் தயார், எத்தனை நாள் ஆனாலும் யோசிப்பேன். விரல் வேகம் மட்டும் கேட்கும் பாஸிடம் என்னால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், கை வராது. கூழாங்கல், நீங்கள் சொன்ன 'படித்தாயா?' என்கிற கேள்வி அங்கே கேட்கப்படுவதே இல்லை.

எதிர்வாள்:

விரல் வேகத்தை இப்படி ஒதுக்கிவிட வேண்டாம் சகோதரி. உங்கள் மணிக்கட்டைப் பற்றிச் சொல்லவில்லை, அது உண்மையான தடை, அதற்கு ஆட்டத்திலேயே வழி வைக்க வேண்டும். ஆனால் அந்த வகைச் சண்டையிலும் படிப்பு இருக்கிறது, அது காதில் நடக்கிறது.

2025இல் வந்த கிளேர் அப்ஸ்க்யூர், அதில் சைமன் என்ற சூப்பர்பாஸ். மொத்த ஆட்டமும் பேரியில்தான் நிற்கிறது, எதிரியின் ஒவ்வொரு அடியையும் சரியான கணத்தில் தடுக்க வேண்டும். சைமனிடம் விழுந்தவரை உடனே எழுப்பாவிட்டால் அவரைக் களத்திலிருந்தே அழித்துவிடுவான், பிறகு திரும்ப வரமாட்டார். முதல் இரவு அவனுடைய முதல் தாக்குதலைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாவது இரவு ஒரு விஷயம் செய்தேன், திரையைப் பார்ப்பதைக் குறைத்துச் சத்தத்தைக் கேட்டேன். வாளை ஓங்கும்போது ஒரு சத்தம், பிறகு நாம் எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் நீண்ட ஒரு நிறுத்தம், அப்புறம் அடி. அந்த நிறுத்தத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டுக்கொண்டிருந்தேன். கண் ஏமாறுகிறது, காது ஏமாறவில்லை. மூன்றாவது இரவு அந்தத் தாளத்தை மேசையில் விரலால் தட்டிப் பார்த்தேன், நான்காவது இரவு முடித்தேன்.

இதில் லெவல் ஏற்றும் வேலையே இல்லை. நான்கு இரவும் நான் மாறினேன், என் ஆட்களின் எண்கள் மாறவில்லை. இடிதாங்கியின் மூன்று மாதத்தில் நேர்மாறாக நடந்திருக்கிறது, எண்கள்தான் மாறின. எனக்கு இதுதான் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது எல்லாம் தகும்.

சைமனை ஒரே அடியில் கொல்லும் பில்டுகள் (ஆயுதம், திறன் சேர்க்கைகள்) இருக்கின்றன என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஆமாம், இருக்கின்றன. மூன்றாம் பகுதியில் ஓர் அடிக்கு 9999 என்ற வரம்பு உடைந்த பிறகு டேமேஜை எங்கேயோ கொண்டுபோய்விடலாம். நான் அதை எடுக்கவில்லை, எடுத்தவர்களைக் குறை சொல்லவும் இல்லை.

மூன்றாம்கதவு:

குறை சொல்லக் கூடாது மட்டுமல்ல, அவர்களைத்தான் நான் அதிகம் மதிப்பேன். நள்ளிரவுசேவ் மாதிரி ஆட்களுக்கு அதுதானே வாசல்.

நான் கொஞ்சம் பழைய ஆள். 2000இல் வந்த பால்டர்ஸ் கேட் 2. அதில் காங்காக்ஸ் என்று ஒருவன், கதைக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை, நகரத்தின் ஒரு மூலையில் கல்லறையில் கிடப்பான். சிதறிக் கிடக்கும் அவன் உடல் பாகங்களைத் தேடிக்கொண்டுவந்து சேர்த்தால் எழுவான். அவனை ஒருமுறை வீழ்த்தினால் வெறும் மண்டை ஓடாக மறுபடி எழுவான், அப்போதுதான் உண்மையான சண்டை. சாதாரண ஆயுதம் அவன்மேல் படாது. நம் ஆட்களை ஒவ்வொருவராக மந்திரத்தால் பூமிக்குள் சிறை வைப்பான். நம் நாயகனையே சிறை வைத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

எத்தனை லெவல் ஏற்றினாலும் பெரிய பயன் இல்லை. ஆனால் இறந்து எழுந்தவர்களிடமிருந்து காக்கும் ஒரு சுருள் அந்த ஆட்டத்தில் உண்டு. அதைப் படித்தவரை அந்த மாதிரிப் பிறவிகளால் பார்க்கவே முடியாது. காங்காக்ஸும் அந்தப் பிறவிதான். சுருளைப் படித்துவிட்டு, கையில் நல்ல மந்திர ஆயுதத்தோடு அவன் முன்னால் போய் நின்றால் அவனுக்கு நாம் தெரியமாட்டோம். நகரத்தையே நடுங்கவைக்க வேண்டியவன் ஒன்றும் செய்யாமல் காற்றில் மிதந்துகொண்டிருப்பான், நாம் அடித்துக்கொண்டே இருப்போம்.

இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அந்தச் சுருளின் விளக்கத்தில் எழுதியிருப்பதைத்தான் அது செய்தது. அந்த விளக்கத்தையும் காங்காக்ஸையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது நான்தானே.

இடிதாங்கி, உங்களுக்கும் ஒரு சுருள் இருக்கிறது. யோஜிம்போ, காசு வாங்கிக்கொண்டு நமக்காகச் சண்டை போடுபவன். அவனுக்குக் காசு கொடுத்துக் கொடுத்து நம்பிக்கையை வளர்த்துவிட்டு, பெனன்ஸ் முன்னால் ஒரு பெரிய தொகையை நீட்டுங்கள். சன்மாட்டோ என்ற அவன் வெட்டு விழுந்தால் 1 கோடியே 20 லட்சமும் ஒரே வெட்டில் போகும். லக் ஸ்பியர் எதுவும் வேண்டாம்.

சாம்பல்நரி:

மூன்றாம்கதவு, அந்தச் சுருளை நீங்களே கண்டுபிடித்தீர்களா, நம்புகிறேன். ஆனால் இன்று அப்படிக் கண்டுபிடிப்பவர் எத்தனை பேர்? இணையத்தில் பாஸின் பெயரைத் தட்டினால் முதல் வரியிலேயே மோதிரமும் சுருளும் வந்துவிடுகிறது. கூழாங்கல்லுக்குக் கிடைத்த அந்த வாரம் இன்றைக்கு ஒருவருக்குக் கிடைக்காது. அவருக்குக் கிடைப்பது ஒரு பட்டியல், இதை மாட்டு, அதைக் கற்றுக்கொள், இந்த வரிசையில் அடி. கேள்வித்தாளோடு விடையையும் கையில் கொடுத்துவிட்ட பரீட்சை அது.

கூழாங்கல்:

விடை கையில் இருந்தாலும் நல்ல சண்டை நல்ல சண்டைதான், அதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த எமரால்ட் வெப்பன், ஃபைனல் ஃபேன்டசி 7. (1997 ஜனவரியில் ஜப்பானில் வந்த பதிப்பில் எமரால்டும் ரூபி என்ற இன்னொரு சூப்பர்பாஸும் இல்லை, வெளிநாட்டுப் பதிப்புக்காகச் சேர்த்தவை. பின்னால் ஒட்டவைத்தது எல்லாம் மோசம் என்று சாம்பல்நரி சொன்னதற்கு இதையும் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.)

எமரால்டுக்கு எச்பி 10 லட்சம். கடலுக்கு அடியில் சண்டை, அதனால் தலைக்கு மேல் 20 நிமிடக் கடிகாரம் ஓடும், அதை நிறுத்தத் தனியாக ஒரு மெட்டீரியா (ஆயுதத்தின் துளையில் மாட்டும் மந்திரக் கல்) உண்டு. இதெல்லாம் கைடில் இருக்கிறது. அதன் பெரிய தாக்குதல் எப்படி என்றால், நீங்கள் மாட்டியிருக்கும் மெட்டீரியா ஒவ்வொன்றுக்கும் 1111 டேமேஜ். எட்டு மாட்டியிருந்தால் 8888. ஒன்பது என்றால் 9999, அந்த ஆட்டத்தில் யாருக்கும் அதற்கு மேல் எச்பி கிடையாது, அதாவது சாவு உறுதி.

யோசித்துப் பாருங்கள். நாற்பது ஐம்பது மணி நேரமாக அந்த ஆட்டம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று, மெட்டீரியா சேர், இன்னும் சேர், இருக்கும் துளை எல்லாவற்றையும் நிரப்பு. எமரால்ட் வந்து, நிரப்பியதையே உங்கள்மேல் திருப்புகிறது. எதைக் கழற்றுவது? இது இல்லாமல் என்னால் முடியுமா? அது இல்லாமல் முடியுமா? இந்தக் கணக்கைக் கைடு சொல்லித் தராது, ஏனென்றால் உங்களிடம் என்ன இருக்கிறது என்று கைடுக்குத் தெரியாது. நான் அன்றைக்கு ஒவ்வொரு மெட்டீரியாவாகக் கழற்றி வைத்துவிட்டு, நீ எனக்கு என்ன செய்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அதில் பாதி ஒன்றுமே செய்ததில்லை. எட்டுக்கு இறங்கி நின்றேன்.

எதிர்வாள் சொன்ன கோடு எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் சேர்ப்பேன், எண்களை ஏற்றச் சொல்கிற பாஸைவிட இருப்பதில் தேர்ந்தெடுக்கச் சொல்கிற பாஸ் எப்போதும் மேல்.

நள்ளிரவுசேவ்:

இதை ஒப்புக்கொள்கிறேன். எமரால்ட் மாதிரி என்றால் எனக்கு முக்கால் மணி நேரம் போதும், மெனுவில் கழித்துவிட்டுத் தூங்கிவிடுவேன்.

நான் ஜெயித்த ஒரே சூப்பர்பாஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். போகிமான் கோல்டு, 1999. எல்லாம் முடிந்த பிறகு ஒரு மலை திறக்கும், உள்ளே இருட்டு, ஏறிக்கொண்டே போனால் உச்சியில் ஒருவன் தனியாக நிற்பான். பேசப் போனால் மூன்று புள்ளிகள்தான் வரும். ஒரு வார்த்தை கிடையாது. முதலில் விடும் பிக்காச்சு லெவல் 81, அந்த ஆட்டத்தில் அதுவரை நான் பார்த்த எதுவும் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. பெயரைப் பார்த்தேன், ரெட். அதற்கு முந்தின ஆட்டத்தில் நாம் ஓட்டிய பையன். நான்தான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், மூன்று வருடத்துக்கு முந்தின நான்.

ஜெயித்ததும் மறுபடி மூன்று புள்ளிகள், ஆள் மறைந்துவிட்டான், பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ஒரு பொருளும் கொடுக்கவில்லை. இன்று வரை என் மனதில் அந்த ஆட்டத்தின் முடிவு அந்த மலைதான், கதையின் முடிவு எதுவென்று நினைவே இல்லை.

எதிர்வாள்:

யாரும் சிரிக்கமாட்டார்கள். எனக்கும் அந்த மலை நினைவிருக்கிறது.

மூன்றாம்கதவு:

சூப்பர்பாஸ் அடிப்பதற்கு மட்டுமில்லை, சும்மா இருப்பதற்கும்தான் என்று தோன்றுகிறது. ஸெனோபிளேட் 2இல் ஆரம்பத்திலேயே ஒரு பெரிய புல்வெளி வரும், அங்கே லெவல் 81 வாலில்லாக் குரங்கு ஒன்று மலைபோல நடமாடிக்கொண்டிருக்கும், நாம் அப்போது பத்தைச் சுற்றித்தான் இருப்போம். ஒரு தட்டில் போய்ச் சேர்ந்தோம். அதன் பிறகு எழுபது மணி நேரம், எந்தப் புது இடத்துக்குப் போனாலும் முதலில் தூரத்தில் என்ன அசைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தேன். உலகம் எனக்காகக் கட்டிவைத்ததில்லை என்ற உணர்வு அந்த ஒரு குரங்கால் வந்தது. கடைசியில் அதை அடித்தேனா என்றால், இல்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

சாம்பல்நரி:

நல்லவற்றை எல்லாம் எடுத்து வைக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன், எமரால்டைப் பற்றி நான் இப்படி யோசித்ததில்லை. ஆனால் மறுபக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபைனல் ஃபேன்டசி 11, ஆன்லைன் ஆட்டம், 2008இல் ஒரு குழு பாண்டமோனியம் வார்டன் என்ற பாஸோடு 18 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து சண்டை போட்டது. சிலருக்கு வாந்தி, மயக்கம் என்று உடம்புக்கு முடியாமல் போகவும் கைவிட்டார்கள். பாஸ் அப்போதும் சாகவில்லை. பிறகுதான் அதை மாற்றினார்கள். அந்த 18 மணி நேரமும் யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, 'ஆப்ஷனல்'தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இப்போது விட்டால் வந்ததெல்லாம் வீண் என்ற நினைப்பு போதும், வேறு கட்டாயமே தேவையில்லை.

இடிதாங்கியின் முதல் பதிவில் எனக்கு அதுதான் கேட்டது. 163இல் தவறிய பிறகும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன் என்று எழுதியிருக்கிறாரே, அது அவருக்கு வேண்டியிருந்ததாலா, விட முடியாததாலா?

இடிதாங்கி:

நான்கு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன், பதில் எழுதவில்லை, மன்னியுங்கள். சாம்பல்நரியின் கேள்விக்கு முதலில்.

மின்னல் எனக்கு வேண்டியிருந்தது. உண்மையாகவே. 163இல் தவறியபோது கோபம் வந்தது, ஆனால் அடுத்த முறை நூறைத் தாண்டியதும் எண்ணுவதையே மறந்துவிட்டேன், திரை வெளுப்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வாள் சொன்ன தாளம் மாதிரிதான். பெட்டி திறந்து சின்னம் கையில் வந்தபோது சந்தோஷமாக இருந்தது. லக் ஸ்பியர் அப்படியில்லை. அதில் ஒருமுறைகூட எதுவும் எனக்குள் மாறவில்லை. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டதுதான் என் தவறு.

அப்புறம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பெனன்ஸை விட்டுவிட்டு நேற்று இரவு கதையை முடிக்கப் போனேன். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

கடைசிப் பெரிய எதிரி நாயகன் டீடஸின் அப்பா, ஜெக்ட். இத்தனை மணி நேரமும் மகன் அப்பாமேல் வைத்திருந்த கோபம் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கிறது. இசை தொடங்கியது, அவர் கடலிலிருந்து எழுந்தது போலப் பெரிதாக எழுந்தார், நான் அடித்தேன். 99,999. முதல் வடிவத்துக்கு 60,000தான். போய்விட்டது. இரண்டாவது வடிவத்துக்கு 1,20,000. இரண்டு அடி. ஆக மூன்றே மூன்று அடி. இசை முதல் சுற்றுகூட முடிந்திருக்காது. அப்பாவும் மகனும் சந்திக்கிற இடத்தை நான்தான் கெடுத்துவிட்டேன், மூன்று மாதம் உழைத்துக் கெடுத்திருக்கிறேன். பெனன்ஸைப் பற்றி இவ்வளவு பேசினோம், இதை யாருமே சொல்லவில்லையே என்று நினைத்தேன். அதற்காகத் தயாராகும்போது மற்ற எல்லாச் சண்டையும் செத்துவிடுகிறது.

நல்லவேளை, டார்க் ஈயான்களைத் தொடுவதற்கு முன்னால் வேறொரு இடத்தில் போட்ட சேவ் இருந்தது. அதை லோட் செய்து, ஆயுதங்கள் பாதி இல்லாமல், வலிமை எங்கேயோ எழுபதில் இருக்க, அப்படியே போனேன். இந்த முறை ஜெக்டின் ஓவர்டிரைவ் பட்டை (நிரம்பினால் பெரிய தாக்குதல் வரும்) நிரம்ப ஆரம்பித்தது, நான்கு பேர் விழுந்து எழுந்தார்கள், விழுந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் தீர்ந்துகொண்டே வந்தது. அப்போதுதான் டீடஸின் கட்டளைகளுக்கு நடுவில் 'பேசு' என்று ஒன்று இருப்பதைப் பார்த்தேன். அழுத்தினேன். மகன் அப்பாவிடம் பேசினான், நிரம்பியிருந்த பட்டை மொத்தமும் காலியாகிவிட்டது. அடிக்கப்போன கை நின்றுவிட்டது. மூன்று அடியில் முடித்தபோது அந்தக் கட்டளை அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.

இரண்டாவது முறையும் பேசவைத்தேன், மறுபடி காலியானது. மூன்றாவது முறை வேலை செய்யவில்லை, அதற்குள் சண்டை முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. யூனா சீட்டி அடித்த காட்சி வரும்போது அவளுக்கு எத்தனை ஸ்பியர் வேண்டும் என்று எனக்கு நினைவில்லை.

கூழாங்கல்:

அந்த 'பேசு' கட்டளையை நான் பார்த்ததே இல்லை. இரண்டு முறை முடித்திருக்கிறேன்.

பெனன்ஸ் சேவை அழித்துவிட்டீர்களா?

இடிதாங்கி:

இல்லை, இருக்கட்டும். யோஜிம்போவுக்குக் காசு சேர்ந்தால் ஒரு நாள் போய்ப் பார்ப்பேன்.

இந்த வாரம் ஃபைனல் ஃபேன்டசி 5 தொடங்குகிறேன். மோதிரத்தைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள். ஒமேகாவைப் பற்றியாவது யாரும் வாயைத் திறக்காதீர்கள்.